ஆள்மாறாட்ட வஞ்சனையை அறிந்து விலகுதல்

சென்ற திங்கள் ஞாயிறு வகுப்பு முடிந்து அன்பர்கள் கலையும் வேளையில், சத்தியவேட்டுப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து வரும் இளைஞர் ஒருவர் தம் கைப்பேசியை எம்மிடம் நீட்டினார். அதில் ஒரு கடிதம் இருந்தது. ஸ்ரீ சிட்டியிலுள்ள தொழிற்சாலை ஒன்றின் பெயரும் இலச்சினையும் அதன் தலைப்பில் விளங்கின. கீழே அதிகாரி ஒருவரின் கையொப்பம். அதன்மேல் வட்ட முத்திரை. வேலை உறுதியாகிவிட்டது என்றும், சீருடைக்கும் அடையாள அட்டைக்கும் பயிற்சிக்குமாக 4,500 ரூபாயை அன்று மாலை 6 மணிக்குள் குறித்த எண்ணுக்குச் செலுத்த வேண்டும் என்றும், முதல் மாதச் சம்பளத்தோடு அத்தொகை திருப்பித் தரப்படும் என்றும் அக்கடிதம் கூறிற்று. பதிவுக் கட்டணம் என்று 1,500 ரூபாயை அவர் முன்னரே அனுப்பியிருந்தார். அஃது அவருடைய தாயார் அண்டை வீட்டாரிடம் கைமாற்றாகப் பெற்ற பணம். "மீதியையும் கட்டிவிடலாமா, ஐயா?" என்பதே அவர் வினா.

அன்று யாம் கூறிய விடையைப் பின்னர்ச் சொல்வோம். அவர் கேட்டதைக் கண்டு நின்ற பிறரும் தத்தம் அனுபவங்களைக் கூறத் தொடங்கினர். ஒருவருக்கு வங்கி மேலாளர் பெயரால் அழைப்பு. மற்றொருவருக்குக் காவல் அதிகாரி பெயரால். ஓர் அம்மையாருக்கு வெளிநாட்டிலுள்ள அவர் மகன் பெயராலேயே. அம்மையார் இழந்த தொகையை இங்கு எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ஆதலின் இத்திங்கள் பாடமாக இப்பொருளையே எடுத்துக்கொண்டோம்.

ஆள்மாறாட்டம் என்பது ஒருவன் தான் அல்லாத பிறிதொருவனாகத் தன்னைக் காட்டிக்கொள்ளுதல். இச்சொல் நம் பெரியோர்க்குப் பத்திரப் பதிவு அலுவலகத்தின் வாயிலாக அறிமுகமானது. நிலத்துக்குரியவன் ஊரில் இல்லாத வேளையில் வேறொருவன் அவன் பெயரைச் சொல்லிக் கைந்நாட்டு வைத்து நிலத்தை விற்றுவிடுவான். அதனாலன்றோ, பத்திரம் எழுதிக் கொடுப்பவரை அடையாளம் காட்டச் சாட்சிகள் வேண்டும் என்னும் முறை அங்கு இருக்கின்றது! அம்முறையின் உட்கருத்தை நாம் நன்கு உணர்தல் வேண்டும். ஒருவன் தன்னைப் பற்றித் தானே கூறுவது அடையாளம் ஆகாது. அவனை முன்னரே அறிந்த பிறர் கூறுதல் வேண்டும். இணையத்தின் வழியே வரும் வஞ்சனைக்கும் இதனினும் சிறந்த மருந்து இன்றுவரை கண்டுபிடிக்கப்படவில்லை என்பது எம் துணிபு. பஞ்ச சீலத்தில் கொடாததைக் கொள்ளாமையும் பொய்யுரையாமையும் தனித்தனியே கூறப்பட்டிருக்க, இவ்வஞ்சகன் இரண்டையும் ஒரே செயலால் மீறுகின்றான்.

உருவத்தைக் கண்டு துணிவதால் விளையும் கேட்டினை நம் மணிமேகலைக் காப்பியம் காட்டுகின்றது. உதயகுமரனிடமிருந்து தன்னைக் காத்துக்கொள்ளும்பொருட்டு மணிமேகலை மந்திர வலியால் காயசண்டிகையின் வடிவம் கொள்கின்றாள். காயசண்டிகையின் கணவனாகிய விஞ்சையன் காஞ்சனன் மனைவியைத் தேடிப் புகார் நகருக்கு வருகின்றான். அவ்வடிவத்தைக் கண்டு, தன் மனைவியே என்று முடிவு செய்கின்றான். அவள் தன்னைப் பொருட்படுத்தாமல் உதயகுமரனோடு பேசுவது கண்டு சினம் மூண்டு, இறுதியில் அவனை வாளுக்கு இரையாக்குகின்றான். மணிமேகலைபால் பொருள் கவரும் நோக்கம் யாதும் இல்லை; ஆயினும் ஓர் உயிர் போயிற்று. மனைவியை நன்கறிந்த கணவனின் கண்களே ஏமாறுமாயின், கைப்பேசியின் சிறு திரையில் ஒரு படத்தையும் பெயரையும் கண்டு நாம் எங்ஙனம் துணிவது?

மெய்யாகவே ஒருவர் இன்னார்தாம் என்று நிறுவுதல் எத்துணை அரிது என்பதற்கு வங்காளத்துப் பவால் சன்னியாசி வழக்கினை நினைத்துப் பார்க்கலாம். பவால் ஜமீனின் இரண்டாம் குமாரர் 1909ஆம் ஆண்டு டார்ஜிலிங்கில் இறந்துவிட்டார் என்று எல்லோரும் நம்பியிருந்தனர். பல்லாண்டுகட்குப் பின் டாக்கா நகரில் தோன்றிய ஒரு சன்னியாசி, பின்னர்த் தாமே அக்குமாரர் என்றார். 1930இல் வழக்குத் தொடுக்கப்பட்டது. 1,500க்கும் மேற்பட்ட சாட்சிகள் விசாரிக்கப்பட்டனர். உடல் மச்சங்கள், நடை, பேச்சு, கையெழுத்து ஆகிய யாவும் ஆராயப்பட்டன. 1936இல் கீழ் நீதிமன்றமும், 1940இல் கல்கத்தா உயர்நீதிமன்றமும், 1946இல் இலண்டன் பிரிவி கவுன்சிலும் அவர் பக்கமே தீர்ப்பளித்தன. ஒருவர் அவரே என்று முடிவுகட்டக் கற்றறிந்த நீதிபதிகளுக்குப் பதினாறு ஆண்டுகள் பிடித்தன. நம்மை அழைக்கும் வஞ்சகனோ ஐந்து நிமிடத்தில் முடிவு செய்யச் சொல்கின்றான்! "இப்பொழுதே", "மாலைக்குள்", "அழைப்பைத் துண்டிக்காமல்" என்று அவன் விரைவுபடுத்துவதன் காரணம் இதுவே. காலம் கிடைத்தால் நாம் சாட்சி தேடுவோம் என்பதை அவன் அறிவான்.

இனி, அண்மைக்கால நிகழ்ச்சி ஒன்று. 2023 சூலைத் திங்களில் கேரளத்துக் கோழிக்கோட்டில் ஓய்வுபெற்ற முதியவர் ஒருவருக்கு வாட்சப் வழியே அழைப்பு வந்தது. பேசியவர், முன்னாளில் அவரோடு பணியாற்றிய ஆந்திர நண்பரின் பெயரைச் சொன்னார். பழைய தோழர்கள் சிலரைப் பற்றியும் நலம் உசாவினார். பின்னர், உறவினர் ஒருவருக்கு மும்பையில் அறுவைச் சிகிச்சை, 40,000 ரூபாய் உடனே வேண்டும் என்றார். முதியவர் ஐயுற்றமையால் அவர் படக்காட்சி அழைப்பில் தோன்றினார். சில விநாடிகளே தெரிந்த அம்முகம் நண்பரின் முகமாகவே இருந்தது. பணம் அனுப்பப்பட்டது. மீண்டும் பணம் கேட்டபோதுதான் முதியவர் விழிப்புற்று, தம்மிடம் ஏற்கெனவே இருந்த நண்பரின் பழைய எண்ணை அழைத்தார். நண்பர் தாம் அழைக்கவே இல்லை என்றார். செயற்கை நுண்ணறிவினால் ஆக்கப்பட்ட போலி முகம் அது. காலந்தாழ்த்தாமல் புகார் சென்றமையால் அத்தொகை ஒரு வங்கிக் கணக்கில் முடக்கப்பட்டது.

இந்நிகழ்ச்சியில் முதியவர் ஐயம் கொண்டார் என்பதை நோக்குக. அவரை ஏமாளி என்று யாரும் கூற இயலாது. சோதனையும் செய்தார். ஆனால் அச்சோதனையை அழைத்தவன் கையிலேயே விட்டார், "உம் முகத்தைக் காட்டும்" என்றார், அவன் காட்டினான். இரண்டாம் முறை தாமே, தாம் முன்னரே அறிந்த எண்ணை அழைத்தார். உண்மை ஒரு நொடியில் வெளிப்பட்டது. இவ்விரு சோதனைகளுக்கும் உள்ள வேற்றுமையே இப்பாடத்தின் சாரம். அழைத்தவன் தரும் எண், அவன் அனுப்பும் இணைப்பு, அவன் காட்டும் அடையாள அட்டை, அவன் கூறும் மேலதிகாரி ஆகிய யாவும் அவனுடைய கையில் உள்ளவை. அவற்றைக் கொண்டு அவனைச் சோதித்தல், திருடனின் தராசில் அவன் தந்த பொருளையே நிறுத்துப் பார்ப்பது போன்றதாம். அழைப்பை வைத்துவிட்டு, நம்மிடம் முன்பே உள்ள வழியாக உரியவரை நாமே அணுகுதல் வேண்டும். மகனாயின் அவனுடைய பழைய எண். வங்கியாயின் கணக்குப் புத்தகத்திலோ அட்டையின் பின்புறத்திலோ அச்சிட்ட எண். அலுவலகமாயின் நேரில் சென்று. வங்கியின் எண்ணை இணையத்தில் தேடி எடுப்பதும் ஆபத்தே. உதவி எண் என்று போலி எண்களைப் பரப்பி வைத்து அங்கும் வலைவிரித்துக் காத்திருக்கின்றனர்.

திரையில் தோன்றும் பெயரையும் நம்பலாகாது. வாட்சப்பில் எவரும் எப்பெயரையும் எப்படத்தையும் வைத்துக்கொள்ளலாம். அதைச் சரிபார்ப்பார் இலர். காவல்துறையின் சின்னத்தைப் படமாக வைத்தவன் காவலன் ஆகிவிடுவானோ?

வலைத்தள முகவரியைப் படிக்கும் முறையையும் நம்மவர் கற்றுக்கொள்ளுதல் நன்று. இதற்கு நம் பக்கத்துச் சான்றே உள்ளது. திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் பெயரால் போலி வலைத்தளங்கள் பல தோன்றி, தரிசனச் சீட்டுக்கும் அறைக்கும் பக்தர்களிடம் பணம் பறித்து வந்தன. 2023 ஏப்ரலில் தேவஸ்தானம் அளித்த புகாரின்பேரில் திருமலைக் காவலர் ஒரு தளத்தின்மீது வழக்குப் பதிந்தனர். அஃது இவ்வகையில் 41ஆவது தளம் என்று அறிவிக்கப்பட்டது. நம்முள் திருமலைக்குச் செல்வோர் இல்லை எனலாம். ஆயினும் அயலார் வியர்வை சிந்திச் சேர்த்த பணமும் பணமே. தவிரவும், அங்கே கையாண்ட தந்திரம் எங்கும் கையாளப்படுகின்றது.

அத்தந்திரம் யாதெனின், கூறுவோம். தேவஸ்தானத்தின் அன்றைய மெய்யான முகவரி 'திருப்பதிபாலாஜி' என்று தொடங்கி, ஒரு புள்ளி, 'ஏபி', ஒரு புள்ளி, 'ஜிஓவி', ஒரு புள்ளி, 'ஐஎன்' என்று முடிந்தது. போலி முகவரியிலோ 'திருப்பதிபாலாஜி', 'ஏபி', 'ஜிஓவி' என்னும் மூன்றும் புள்ளிக்குப் பதிலாகச் சிறு கோடுகளால் இணைக்கப்பட்டு, இறுதியில் 'ஓஆர்ஜி' என்று முடிந்தது. விரைந்து பார்ப்பவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஆனால் வலைத்தள முகவரியை வலப்பக்கத்து இறுதியிலிருந்து இடப்பக்கமாகப் படித்தல் வேண்டும். 'ஜிஓவி புள்ளி ஐஎன்' என்னும் முடிவு இந்தியாவில் அரசு சார்ந்த அமைப்புகளுக்கே தரப்படுவது. 'ஓஆர்ஜி' என்னும் முடிவை எவரும் சில நூறு ரூபாய்க்கு வாங்கலாம். அதன் முன்னே 'ஜிஓவி' என்று எழுதிக்கொள்வதும் அவர் விருப்பமே. கடித உறையில் 'சென்னை ஓட்டல், சித்தூர்' என்று எழுதினால் அக்கடிதம் எங்கே போகும்? சித்தூருக்குத்தானே! முகவரியின் கடைசி வரியே ஊரைச் சொல்கின்றது. தேவஸ்தானம் 2024ஆம் ஆண்டு தன் முகவரியின் முதற்பகுதியை 'டிடிதேவஸ்தானம்ஸ்' என்று மாற்றிக்கொண்டபோதும், 'ஏபி ஜிஓவி ஐஎன்' என்னும் முடிவை மாற்றவில்லை.

வங்கிகளுக்கும் இத்தகைய தனி முடிவு ஒன்று வந்துள்ளது. 'பேங்க் புள்ளி ஐஎன்' என்னும் முடிவை வங்கிகளுக்கு மட்டும் வழங்குவதாக ரிசர்வ் வங்கி 2025 பிப்ரவரியில் அறிவித்து, அவ்வாண்டு அக்டோபர் இறுதிக்குள் வங்கிகள் அதற்கு மாற வேண்டும் என்று பணித்தது. வங்கிப் பெயரால் வரும் இணைப்பின் முடிவு வேறாக இருப்பின் அதனைத் தொடாதீர்கள். போக்குவரத்து அபராதம், மின்கட்டண நிலுவை, திருமண அழைப்பிதழ் என்ற பெயர்களில் 'ஏபிகே' என்று முடியும் கோப்பு ஒன்று வாட்சப்பில் வருவதும் உண்டு. அதைத் திறந்து நிறுவினால் கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி. எண்கள் வஞ்சகன் கைக்குப் போய்ச்சேரும். யு.பி.ஐ. இரகசிய எண் பணம் கொடுப்பதற்கே தேவை, பெறுவதற்கு ஒருபோதும் தேவையில்லை. இந்த ஒன்றை மட்டுமேனும் நம் தாய்மார்கள் அனைவரும் மனத்தில் பதித்தல் வேண்டும்.

ஆசை காட்டிப் பறிப்பதைப் பார்த்தோம். அச்சுறுத்திப் பறிப்பது அதனினும் கொடிது. 'டிஜிட்டல் அரஸ்ட்' என்று இதற்கு ஒரு பெயர் வழங்குகின்றது. அழைப்பவன் தன்னை மத்தியப் புலனாய்வுத் துறையினன் என்றோ, சுங்க அதிகாரி என்றோ கூறுவான். உம் பெயரில் வந்த பொதியில் போதைப்பொருள் உள்ளது, உம் ஆதார் எண்ணைக் கொண்டு கறுப்புப் பணம் மாற்றப்பட்டுள்ளது என்பான். கைப்பேசிப் படக்காட்சி முன்னேயே அமர்ந்திருக்க வேண்டும், மனைவி மக்களிடமும் கூறலாகாது என்பான். 2024 ஆகத்து இறுதியில் வர்த்தமான் நெசவுத் தொழிற்குழுமத்தின் தலைவர் எஸ்.பி. ஓஸ்வால் இவ்வாறே ஏமாற்றப்பட்டு 7 கோடி ரூபாய் இழந்தார். அப்போது அவர் அகவை 82. உச்சநீதிமன்றத் தலைமை நீதிபதியைப் போல் ஒருவன் நடித்து, போலி விசாரணையே நடத்திக் காட்டினர். முத்திரையிட்ட ஆணையும் அனுப்பினர். பின்னர்க் காவலர் 5 கோடிக்கு மேல் மீட்டுக் கொடுத்தனர். பெருந்தொழிலை நடத்தும் அறிவும் வழக்கறிஞர் துணையும் உடையவரே அஞ்சினார் என்றால், காவல் நிலையம் என்ற சொல்லைக் கேட்டாலே தலைமுறை தலைமுறையாக நடுங்கப் பழக்கப்பட்ட நம்மவர் நிலையைச் சொல்லவும் வேண்டுமா? எவ்வதிகாரி அதட்டினாலும் 'சரி, ஐயா' என்று தலையாட்டும் பழக்கம் நம் குடும்பங்களில் இன்னும் முற்றும் நீங்கவில்லை. வஞ்சகன் பயன்படுத்திக்கொள்வது இப்பழக்கத்தையே.

சட்டத்தின் நிலையைத் தெளிவாகக் கூறுவோம். கைப்பேசியின் வழியே ஒருவரைக் கைது செய்தல் என்பது இந்நாட்டுச் சட்டம் எதிலும் இல்லை. எந்தக் காவல் அலுவலரும் பணத்தைச் 'சரிபார்ப்பதற்காக' வேறொரு கணக்குக்கு மாற்றச் சொல்வதும் இல்லை. 2024 அக்டோபர் 27ஆம் நாள் பிரதமர் தம் வானொலி உரையில் இதனை நாட்டுக்கு எடுத்துரைத்தார். 2025 டிசம்பர் முதல் நாளன்று உச்சநீதிமன்றம் இவ்வகைக் குற்றங்களைப் புலனாய்வு செய்யும்படி மத்தியப் புலனாய்வுத் துறைக்கே ஆணையிட்டது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவு, கணினி வழியே ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவோர்க்கு மூன்றாண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கின்றது. 2024 சூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதீய நியாய சன்ஹிதையின் 319ஆம் பிரிவில் ஐந்தாண்டு வரை சிறைக்கு இடமுண்டு. மெய்யான காவலர் என்று கூறுபவரிடம், "நான் நிலையத்துக்கே நேரில் வருகின்றேன், எந்த நிலையம்?" என்று பணிவாகக் கேட்டு அழைப்பை வைத்துவிடலாம். பணிவுக்கும் அச்சத்துக்கும் வேற்றுமை உண்டு. கேசபுத்தத்துக் காலாமர்களுக்குப் பகவான் உரைத்ததை நம் வகுப்பில் எத்துணை முறை ஓதியிருக்கின்றோம்! உரைப்பவரின் தகுதியை மட்டும் கருதி ஒன்றை ஏற்றுக்கொள்ளலாகாது என்பது அவ்வுரையின் ஒரு கூறு அன்றோ?

இனி, இளைஞரின் கடிதத்துக்கு வருவோம். 2008ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற ஸ்ரீ சிட்டி, சத்தியவேடு, வரதையப்பாளையம் ஆகிய மண்டலங்களில், தடாவுக்கு அருகே தமிழ்நாட்டின் எல்லையை ஒட்டி அமைந்துள்ளது. முன்பு சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த இப்பகுதி 2022 ஏப்ரலில் புதிய திருப்பதி மாவட்டத்தோடு இணைந்தது. கைப்பேசி, குளிர்சாதனப் பெட்டி, இரயில் பெட்டி, சாக்லேட் முதலாகப் பலவும் அங்கு ஆக்கப்படுகின்றன. சப்பானிய, அமெரிக்கப் பெயர்கள் தாங்கிய வாயில்கள் வழிநெடுக நிற்கின்றன. கும்மிடிப்பூண்டி, ஊத்துக்கோட்டைப் பக்கங்களிலிருந்தும் நம் பிள்ளைகள் பேருந்தேறி அங்கு வேலைக்குச் செல்கின்றனர். புகழ்பெற்ற பெயரும், அதன் வாயிலுக்குள் எவரையும் அறியாத இளைஞர்களும் அருகருகே இருக்குமிடம் ஆள்மாறாட்டத்துக்கு வாய்ப்பான இடமாகும்.

இதில் ஒரு சிக்கலையும் ஒளிக்காமல் சொல்லுதல் வேண்டும். 'வாட்சப்பில் வரும் வேலை எல்லாம் பொய்' என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டால் அவர்கள் நகைப்பார்கள். தொழிற்சாலைகள் பல ஒப்பந்த முகவர்கள் வாயிலாகவே ஆள் எடுக்கின்றன. அம்முகவர்கள் வாட்சப்பில்தான் செய்தி அனுப்புகின்றனர். அவ்வாறு வந்த மெய்யான வேலையில் நம் உறவினர் பலர் இன்றும் இருக்கின்றனர். ஆகையால் செய்தி வந்த வழியைக் கொண்டு மெய்யும் பொய்யும் பிரிக்க இயலாது. பணம் எத்திசையில் செல்கின்றது என்பதைப் பார்த்தே பிரித்தல் வேண்டும். வேலை என்பது உழைப்பவருக்குப் பிறர் பணம் தருவது. வேலை தருவதற்கு முன் உழைப்பவரிடம் பதிவுக்கும் சீருடைக்கும் மருத்துவச் சோதனைக்கும் பணம் கேட்டால், அத்திசையே தவறு. தொகை சிறிதாயிருப்பதும் ஆறுதல் தராது. முதலில் 1,500, பின்னர் 4,500, பின்னர் அதனினும் பெரிது என்று ஏறுவதே வழக்கம். முதலில் கொடுத்ததை இழக்க மனமின்றி அடுத்ததையும் கொடுக்கின்றோம். நேர்காணலே இன்றி வேலை உறுதியாதல், பணம் பெறும் கணக்கு ஒரு தனிமனிதர் பெயரில் இருத்தல் ஆகியவையும் குறிகளே. எல்லாவற்றினும் எளிய சோதனை நம் பகுதியினர்க்கு வாய்த்துள்ளது. வாயில் தொலைவில் இல்லை. பேருந்துக் கட்டணம் கொடுத்து நேரில் சென்று கேட்டுவிடலாம். பெங்களூரிலோ துபாயிலோ வேலை என்றால் அது முடியாது.

கடல்கடந்த வேலையைப் பற்றியும் ஒரு சொல். தாய்லாந்தில் கணினி வேலை என்று அழைத்துச் செல்லப்பட்ட இந்திய இளைஞர் பலர், எல்லையாறு கடத்தப்பட்டு மியன்மாரின் மியாவாடிப் பகுதியில் அடைக்கப்பட்டனர். அங்கே அவர்களுக்கு இட்ட வேலை யாது? பிறரைப் போல் நடித்துத் தம் நாட்டாரையும் பிற நாட்டாரையும் இணையத்தில் ஏமாற்றுதல், மறுத்தோர்க்கு அடி. 2025 மார்ச்சுத் திங்களில் இந்திய விமானப்படை விமானங்கள் இரண்டு நாட்களில் 549 பேரை மீட்டு வந்தன. கம்போடியாவில் சிக்கியிருந்த ஆந்திர இளைஞர்களும் 2024இல் மீட்கப்பட்டனர். நம்மை அழைத்து ஏமாற்ற முயல்பவன், முன்னொரு நாள் போலி வேலைக் கடிதத்தை நம்பித் தாயாரின் கைமாற்றுப் பணத்தைக் கட்டியவனாகவும் இருக்கலாம். அவன்பால் இரக்கம் கொள்வோம், பணம் கொடோம். அயல்நாட்டு வேலைக்குச் செல்வோர், முகவர் இந்திய அரசின் 'இ-மைக்ரேட்' தளத்தில் பதிவு பெற்றவர்தாமா என்று பார்த்தல் இன்றியமையாதது.

மாணவர் உதவித்தொகை பெறும் இல்லங்கள் நம்முள் பல. கல்வித்துறையிலிருந்து பேசுகின்றோம், உதவித்தொகை வந்துள்ளது என்று கூறி, கியூ.ஆர். குறி அனுப்பிப் பெற்றோரின் பணத்தைக் கவர்ந்த கும்பல் ஒன்றினைக் கோவைக் காவலர் 2024இல் கைது செய்தனர். மாணவர் பெயர், பள்ளி, பெற்றோர் எண் யாவும் அக்கும்பலிடம் இருந்தன. நம்மைப் பற்றிய செய்திகள் அவனுக்குத் தெரிந்திருப்பதால் அவன் அதிகாரி என்று எண்ணுவது தவறு; அச்செய்திகள் விலைக்குக் கிடைக்கின்றன. சாதிச்சான்று, மதமாற்றப் பதிவு ஆகியவற்றை விரைந்து முடித்துத் தருவதாகக் கூறும் அழைப்புக்கும் இதுவே விடை. நம் சங்கத்தின் பெயராலோ, வணக்கத்துக்குரிய பிக்குமாரின் பெயராலோ வைசாகப் பௌர்ணமித் தானம் கேட்டு வாட்சப்பில் செய்தி வந்தாலும் உடனே அனுப்பாமல், செயலாளரை நேரில் கண்டு கொடுத்து இரசீது பெறுங்கள். இதனால் யாரும் மனம் வருந்தார்.

பணம் போய்விட்டால் செய்வது யாது? உடனே 1930 என்னும் எண்ணை அழைத்தல் வேண்டும். அழைத்தவுடன் புகார் பதிவாகி உரிய வங்கிகளுக்குச் செல்லும். வஞ்சகன் பணத்தை ஒரு கணக்கிலிருந்து மறு கணக்குக்கும், அதிலிருந்து வேறொன்றுக்கும் மாற்றிக்கொண்டே போவான். எக்கணக்கில் பணம் எஞ்சி நிற்கின்றதோ அக்கணக்கில் அதை முடக்குவர். ஆகவே முதல் சில மணி நேரங்களே விலைமதிப்புள்ளவை. யு.பி.ஐ. வழியே அனுப்பியிருந்தால் 12 இலக்கப் பரிமாற்ற எண்ணைக் குறித்து வையுங்கள்; செய்திகளை அழித்துவிடாதீர்கள். இணையத்தில் புகார் செய்வதற்கு உள்துறை அமைச்சகத்தின் தேசியச் சைபர் குற்றத் தளமும் உண்டு. அதன் முகவரியும் 'ஜிஓவி ஐஎன்' என்றே முடியும். இழந்த பணத்தை மீட்டுத் தருகின்றோம், முன்கட்டணம் கட்டுக என்று பின்னர் ஒருவன் அழைப்பான். அவனும் முன்னவன் கூட்டத்தானே.

புகார் செய்யாமைக்குக் காரணம் பெரும்பாலும் அறியாமை அன்று, வெட்கமே. அம்மையார் மூன்று திங்கள் தம் மருமகளிடமும் சொல்லாமல் இருந்தார். அம்மூன்று திங்களில் பணம் எட்ட முடியாத இடத்துக்குப் போய்விட்டது. ஏமாந்தவரைப் பார்த்து 'இதுகூடத் தெரியாதா?' என்று கேட்கும் வழக்கத்தை நம் இல்லங்களில் நாம் கைவிட்டால், அடுத்தவர் முதல் மணி நேரத்திலேயே வாய் திறப்பார். தலைமை நீதிபதி வேடத்துக்கு ஏமாந்தவர் ஒரு பெருந்தொழிலதிபர் என்பதை மறவாதீர்கள். அவர் அதனை வெளிப்படையாகவும் பேசினார்.

அன்று இளைஞருக்கு யாம் கூறிய விடை, "கட்ட வேண்டாம்; நாளைக் காலை வாயிலுக்குப் போய்க் கேட்டு வா, தம்பி" என்பதே. மறுநாள் சென்றார். காவலாளி கடிதத்தைப் பார்த்துவிட்டு, அப்பெயரில் அதிகாரி எவரும் இங்கு இல்லை, இவ்வாரத்தில் இவ்வகைக் கடிதத்தோடு வந்த மூன்றாம் ஆள் நீர் என்றாராம். அங்கிருந்தே அவர் 1930ஐ அழைத்தார். 1,500 ரூபாய் இன்னும் வரவில்லை. புகார் எண் வந்துள்ளது. வாயிலின் எதிரே ஒப்பந்த முகவர் அலுவலகம் ஒன்று இருப்பதைக் கண்டு, அங்கே பணம் எதுவும் கட்டாமல் தம் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கின்றார்.

வரும் ஞாயிறு வகுப்புக்கு வரும் பெரியோர்கள் தத்தம் கைப்பேசியையும் வங்கிக் கணக்குப் புத்தகத்தையும் ஒரு சிறு குறிப்பேட்டையும் கொண்டுவருதல் வேண்டும். பிள்ளைகள், மருமக்கள், வங்கி ஆகியோரின் மெய்யான எண்களைக் குறிப்பேட்டில் எழுதிக் கொடுக்க அந்த இளைஞரும் அவர் தோழர் இருவரும் காலை 10 மணி முதல் சங்க மண்டபத்தில் இருப்பர்.